வெள்ளிக்கிழமை மத்தியானத்து மேடு

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில், கடல்நீர்க் களப்பைப் பார்த்தபடி நின்ற பழைய உப்புக் களஞ்சியம் ஒன்றின் பின்னறையில் எங்கள் சேர்வர், அதாவது வழங்கிக் கணினி, இருந்தது. அறைக்கு இரண்டு முறை வெள்ளையடித்தும் சுவரில் உப்புப் பூப்பது நிற்கவில்லை. குளிரூட்டியை ஒரு வாரம் நிறுத்தினால் இயந்திரத்தின் திருகாணிகளில் துரு ஏறிவிடும். அந்த ஒற்றை இயந்திரத்தை நம்பித்தான் எங்கள் கல்விச் சங்கம் முன்பள்ளி ஆசிரியைகளுக்கான ஒரு வருடப் பயிற்சியை நடத்திக்கொண்டிருந்தது.

பயிற்சி பெற்றவர்கள் அனைவரும் பெண்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டு வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும், கற்பிட்டிக் கரையோரத்துக் கத்தோலிக்க மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். பாடங்கள் கைத்தொலைபேசிக்குச் செல்லும். விடைகள் கைத்தொலைபேசியிலிருந்தே வந்து சேரும். இறுதித் தேர்வு ஓர் ஒலிப்பதிவு. பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்ல வேண்டும். எங்கள் இணையப் பக்கத்திலேயே அதைப் பதிந்து, அங்கிருந்தே அனுப்ப வேண்டும். அனுப்பும்போது தொடர்பு அறுந்தால் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். பயிற்சி முடியும் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை நள்ளிரவுதான் எல்லை. அதற்குள் பதிவு வந்து சேராதவருக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாதவரை எந்த முன்பள்ளியும் வேலைக்கு எடுக்காது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பாடசாலை விவாத மேடைகளில் நான் வென்ற கேடயங்கள் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டை நிறைத்திருந்தன. வெறுங்கையோடு மன்னாரைவிட்டு வந்த குடும்பத்துக்கு அலுமாரியில் வைக்க ஏதாவது வேண்டாமா என்பார் உம்மா. சொல்லைச் செதுக்கவும் எதிரியின் ஆதாரத்தை அவர் பக்கமே திருப்பவும் மணி அடிக்கும் கணத்தில் வாக்கியத்தை முடிக்கவும் கற்றிருந்தேன். கணினி விஞ்ஞானமும் படித்திருந்ததால் சேர்வரைப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கர்வத்தோடுதான் ஏற்றேன்.

பொறுப்பேற்ற மூன்றாம் மாதம் ஒரு சிக்கல் தலைகாட்டியது. ஒரு சேர்வரைத் திறப்பது, மூடுவது, யாருக்கு எந்த உரிமை என்று வகுப்பது ஆகிய அனைத்தையும் ஒரே திரையிலிருந்து செய்ய உதவும் மென்பொருளைச் சேர்வர் முகாமைத்துவ மென்பொருள் என்போம். எங்களிடமிருந்த பதிப்பு பழையது. அதைத் தயாரித்தவர்களே அதன் ஓட்டைகளை அடைப்பதை நிறுத்திவிட்டார்கள். யாரோ அந்நியர்கள் அந்த மென்பொருளின் நுழைவுத் திரையில் கடவுச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதும் சேர்வரின் வருகைக் குறிப்பேட்டில் தெரிந்தது. அவர்கள் உள்ளே வந்தால் ஒரு வருட வேலை முழுவதும் அவர்கள் கைக்குப் போகும். புதிய பதிப்புக்கு மாற வேண்டும். மாறும்போது சேர்வரை மூட வேண்டும். எப்போது மூடுவது?

எங்கள் சங்கத்தில் இத்தகைய கேள்விகள் விவாதத்தால் முடிவாகும். தலைவர் ஓய்வுபெற்ற அதிபர். விவாதப் போட்டிகளில் நெடுங்காலம் நடுவராக இருந்தவர். மேசையில் ஒரு பித்தளை மணி வைத்திருந்தார். எந்த விடயமானாலும் இரண்டு அணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம், மணி, உடனே தீர்ப்பு. தேத்தண்ணிக்குப் பால்மாவா பசும்பாலா என்பதுகூட அப்படித்தான் தீர்ந்தது. தீர்ப்பு வந்தபின் எவரும் அதைக் கிளறுவதில்லை.

எனக்கு எதிரணியில் நின்றவர் என்னுடன் வேலை செய்த கற்பிட்டித் தோழி. மீனவக் குடும்பத்துக் கத்தோலிக்கப் பெண். மாணவிகளின் அழைப்புகளுக்குப் பதில் சொல்வது அவருடைய வேலை. இயந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரியும். பாடசாலை நாட்களில் ஓர் இறுதிச் சுற்றில் அவருடைய அணியை நான் வீழ்த்தியிருந்தேன். அதை அவர் மறக்கவில்லை. நானும் மறக்க விடவில்லை.

“மதிப்புக்குரிய தலைவர் அவர்களே,” என்று எழுந்தேன். “ஒரு வாரத்தில் நூற்று அறுபத்தெட்டு மணித்தியாலங்கள். அவற்றுள் இந்த ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் நேரம் ஒன்று உண்டு: வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரம். கடைகள் மூடியிருக்கும். வீதியில் முச்சக்கர வண்டி ஓடாது. வரும் வெள்ளி பன்னிரண்டு மணிக்குத் தொடங்கினால் தொழுகை முடியும்போது வேலையும் முடியும். கடைசி நாளின் பதிவுகள் மாலையில் வந்து குவியுமுன் கதவுக்குப் புதிய பூட்டு விழும்.”

தோழி எழுந்தார். “சேர், வெள்ளிக்கிழமையில நான் மத்தியானச் சாப்பாட்ட ஒழுங்காச் சாப்பிட்டதே இல்ல. ரெண்டு மூணு பேராவது எடுத்துக் கேக்கிறாங்க. ஏன் எண்டு எனக்குத் தெரியாது. ஆனா எடுக்கிறாங்க. மற்றது, இவர் பன்னிரண்டு மணிக்கு பட்டன அமத்திட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருவார். நான் தனிய இருந்து எரியிறதப் பாக்கிறதா?”

“‘ஏன் எண்டு தெரியாது’ என்று எதிரணியே ஒப்புக்கொண்டுவிட்டது!” என்றேன். “வாரம் முழுவதும் ஓயாமல் அடிக்கும் தொலைபேசி அந்த ஒரு மணித்தியாலத்தில் இரண்டு மூன்று தடவைதான் அடிக்கிறது. அது என் கட்சிக்குச் சாட்சியா, அவருடைய கட்சிக்கா?”

மணி அடித்தது. தலைவர் புன்னகையோடு என் பக்கம் கையைக் காட்டினார். அது திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை பின்னறைக்குப் போனபோது தோழி பழைய கணினி ஒன்றைத் தூசி தட்டி மேசையில் ஏற்றியிருந்தார்.

“இது எதுக்கு?”

“தீர்ப்பு நேரத்துக்குத்தானே பேச்சாளரே? செய்முறைக்கு இல்லையே. எங்கட பெக்கப்ப இதுல ஏத்தி, முதல்ல இதுல அப்டேட் பண்ணிப் பாப்பம்.”

“காப்புப் பிரதி ஒவ்வொரு நாளும் ஒழுங்காகத்தான் எடுக்கிறேன்.”

“எடுக்கிறீங்க, சரி. ஒருக்காவாவது திரும்ப விரிச்சுப் பாத்தீங்களா?”

நான் விரித்துப் பார்த்ததில்லை. அன்று இருவருமாக விரித்தோம். நல்லவேளை, முழுமையாக இருந்தது. பின்னர் தயாரிப்பாளர்களின் அறிவுறுத்தலைக் கடைசி வரி வரை வாசித்தோம். எங்கள் பதிப்பிலிருந்து புதியதற்கு ஒரே பாய்ச்சலில் போக முடியாது, இடையிலுள்ள பதிப்பு ஒன்றில் ஏறித்தான் போக வேண்டும் என்று அதில் இருந்தது. தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு மேடையேறியிருந்த எனக்கு அது புதுச் செய்தி.

முதல் ஒத்திகை பாதியில் நின்றது. திரையில் ‘இடம் போதாது’ என்று வந்தது. புதிய பதிப்பு வேலை முடியும்வரை பழையதையும் பக்கத்தில் வைத்திருக்குமாம். இரண்டுக்கும் சேர்த்து இடம் இருக்கவில்லை. உண்மையான சேர்வரிலும் அதே அளவு இடம்தான் இருந்தது.

“இது வெள்ளிக்கிழமை நடந்திருந்தா?” என்றேன்.

“நீங்க பள்ளியில முன்வரிசையில இருந்திருப்பீங்க. நான் இங்க தேவமாதாவக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பன்.”

தேவையற்ற இரட்டைப் பிரதிகளை இரண்டு இயந்திரங்களிலும் அகற்றி மீண்டும் தொடங்கினோம். ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. புதிய திரை திறந்தது. என் வாழ்க்கையில் நான் அதிக நேரம் உற்றுப் பார்த்த ஒரு கோடு அதில்தான் இருந்தது.

பழைய பதிப்பு வருகைக் குறிப்புகளை வரிவரியாக எழுதி வைத்ததே தவிர தொகுத்துக் காட்டியதில்லை. புதியது அவற்றை வாசித்து ஒரு வரைபாக வரைந்தது. திங்கள் முதல் ஞாயிறு வரை கோடு சிறு மேடும் பள்ளமுமாக ஓடியது. வெள்ளிக்கிழமைக்கு வந்ததும், நடுப்பகலில், செங்குத்தாக எழுந்து நின்றது. வாரத்தின் மிக உயரமான மேடு அது. பன்னிரண்டரைக்கு ஏறி, ஒன்றரைக்குச் சரிந்தது.

“கடிகாரம் பிழை,” என்றேன் உடனே. சேர்வர்கள் பலவேளை உலகப் பொது நேரத்தில் ஓடும். எங்கள் நேரத்துக்கும் அதற்கும் ஐந்தரை மணித்தியால வித்தியாசம். அப்படியானால் இந்த மேடு மாலை ஆறு மணியுடையது. என் வாதம் நிலைக்கும். தோழி தமது கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சேர்வர் காட்டிய நேரத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். நிமிடம்கூடப் பிசகவில்லை. முந்திய வாரத்தைத் திறந்தேன், அதே மேடு. அதற்கு முந்திய வாரத்திலும் அதே மேடு.

ஊர் முழுவதும் பள்ளிவாசலில் இருக்கும் நேரத்தில் எங்கள் வாசலில் நிற்பவர்கள் யார்? எனக்குள் பரபரப்பு மூண்டது. கடவுச்சொல் போட்டுப் பார்க்கும் அந்த அந்நியர்கள்தான் என்று முடிவு கட்டினேன். இந்த ஊர் எப்போது காவலின்றி இருக்கும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்! காரணகாரியத் தொடர்ச்சியோடு ஓர் உரையே மனத்தில் உருவாகிவிட்டது. புதிய பதிப்பில், வருபவர்களின் இணைய முகவரிகளைத் தெரிவுசெய்து ஒரே அழுத்தலில் நிரந்தரமாக வெளியேற்றும் வசதி இருந்தது. மேடு முழுவதையும் தெரிவுசெய்தேன்.

“எங்கட சேர்வர்லயும் வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பு ஏறினதும் இதச் செய்தா...”

“கைய எடுங்க,” என்றார் தோழி. “உங்கட கள்ளன் வாற இடம் நுழைவுத் திரை. அவன் காலையில, மத்தியானம், எல்லா நேரமும் ஒரே மாதிரி வாறான். இந்த மேட்டில உள்ள ஆக்கள் வந்தது ஒலிப்பதிவுப் பக்கத்துக்கு. மாணவி இலக்கத்தோட வந்திருக்கிறாங்க. கள்ளன் இலக்கம் சொல்லி, கதையும் சொல்லிட்டா போவான்?”

சுட்டியைவிட்டுக் கையை எடுத்தேன். அதே அழுத்தலைச் சேர்வரில் செய்திருந்தால் அந்தப் பெண்களுக்குக் கடைசி நாளில் கதவு அடைபட்டிருக்கும்.

தோழி மேட்டிலிருந்து ஓர் இலக்கத்தை எடுத்தார். நுரைச்சோலைப் பக்கத்து மாணவி. முந்திய வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலிலிருந்து மூன்று தடவை இறுதிப் பதிவை அனுப்பியிருந்தார். மூன்றும் முடியுமுன் அறுந்திருந்தன. தோழி அந்தத் தொலைபேசிக்கு அழைத்து, நானும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தார். ஓர் ஆண் குரல் பேசியது.

“ஆரு? நான் கொழும்புல மரக்கறி இறக்கிட்டு லொறியோட வாறன். முந்தல் சந்தியில தேத்தண்ணி குடிச்சிக்கிட்டிருக்கன்.”

தோழி தம்மை அறிமுகம் செய்துவிட்டுக் கேட்டார். “போன வெள்ளி பன்னிரண்டே முக்காலுக்கு இந்த ஃபோன்ல இருந்து உங்கட மனிசி பதிவு அனுப்பியிருக்கிறாங்க. அந்த நேரம் ஃபோன் ஆரிட கையில?”

“அந்த நேரம் நான் பள்ளியில. ஃபோன் வீட்டுல கெடக்கும்.”

“ஏன், கொண்டுபோறதில்லையா?”

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. “ஒரு நாள் கொண்டுபோய்ப் பட்டது போதும் மிஸ். கதீபு மைக்கப் புடிச்சி மவுத்து, மரணம் எண்டு பிரசங்கம் செஞ்சிக்கிட்டிருக்காரு, என்ட பொக்கட்டுக்குள்ள சினிமாப் பாட்டு. ஊரே திரும்பிப் பாக்குது. அண்டையோட வெச்சிட்டுத்தான் போறது. இப்ப பள்ளி வாசல்லயும் போர்டு போட்டிருக்கு. எங்கட பக்கம் கன பேரு வெச்சிட்டுத்தான் வாறாங்க.”

“மற்ற நாள்ல மனிசிக்குக் குடுக்கிறதில்லையா?”

“எப்படிக் குடுக்கிறது? மரக்கறிக்காரன் எல்லாம் இதுலதானே எடுக்கிறான். ஏன் மிஸ், ஏதும் பிரச்சினையா?”

“பிரச்சினை எங்கட பக்கம்தான். வீட்ட போனதும் எடுக்கச் சொல்லுங்க.”

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் அந்தப் பெண் அழைத்தார்.

“மிஸ், மூணு தரம் கதை சென்னன். மூணு தரமும் கடைசியில அறுந்துபோச்சி. பக்கத்து வீட்டுப் புள்ளையள் நாலாந்தரம் கேக்க மாட்டம் எண்டு எழும்பி ஓடிட்டுதுகள். இந்த வெள்ளிதானே கடசி? இரவைக்கு அவரு லொறியோட கொழும்புக்குப் போயிருவாரு. அவரு தொப்பியப் போட்டுக்கிட்டுப் படியால எறங்கினா, நான் ஃபோன எடுத்துக்கிட்டுப் புள்ளையளக் கூப்பிடுவன். அந்த நேரத்த விட்டா எனக்கு வேற நேரம் இல்ல. எங்கட தெருவுல அஞ்சாறு பேருக்கு இதே கததான்.”

தோழி சேர்வரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார்.

எல்லோரும் ஒரே வேளையில் ஏறுவதால் சேர்வர் திணறியது. பழைய அமைப்பில் அது ஒவ்வொருவருக்காகவும் காத்திருக்கும் நேரம் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. நேரம் முடிந்ததும் பதிவு எவ்வளவு வந்திருந்தாலும் துண்டித்துவிடும். காத்திருப்பு நேரத்தை முதலில் ஒத்திகைக் கணினியில் கூட்டிப் பார்த்தோம், எதுவும் குழம்பவில்லை. பிறகு சேர்வரில் கூட்டினோம். இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: என் வெற்றியை நானே கவிழ்க்க வேண்டும்.

புதன்கிழமை காலை தலைவரின் மேசை முன் நின்றேன்.

“தீர்ப்புச் சொல்லி முடிஞ்சுதே தம்பி,” என்றார். “வென்றது நீங்கதானே?”

“ஓம் சேர். வென்ற ஆள்தான் தோல்வி கேட்டு வந்திருக்கன்.”

“இது என்ன புது வழக்கம்? எதிரணி ஆரு?”

“எதிரணியும் நான்தான் சேர்.”

தலைவர் மணியை நகர்த்தி வைத்தார். முந்திய இரவு மூன்று நிமிட உரை ஒன்றைத் தயாரித்திருந்தேன். முன்னுரையும் உவமையும் அதில் இருந்தன. அவர் முகத்தைப் பார்த்ததும் அது தேவையற்றதாகத் தோன்றியது. வரைபின் அச்சுப் பிரதியை மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“இது என்ன மலை?”

“நாங்க ஜும்மாவுக்குப் போற நேரம் சேர். ஆம்பிளைகள் ஃபோன வீட்டுல வெச்சிட்டுப் போறாங்க. பொம்பிளைகள் அதுலதான் படிக்கிறாங்க.”

அவர் மேட்டின் உச்சியை விரலால் தொட்டார். “நானும் வெச்சிட்டுத்தான் போறன்,” என்றார் மெதுவாக. “அப்ப எங்கட வீட்டுல அத ஆரு எடுக்கிறா?”

அச்சுப் பிரதியை மடித்துத் தமது சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வழக்கத்தை மீறி, மணி அடிக்காமலே தீர்ப்பு மாறியது. வெள்ளிக்கிழமை சேர்வரைத் தொடுவதில்லை. மேம்படுத்தும்வரை அந்நியர்களைத் தடுக்க, நுழைவுத் திரையை வெளியுலகுக்கு மூடி, எங்கள் பின்னறைக் கணினியிலிருந்து மட்டும் திறக்கும்படி செய்தோம். பத்து நிமிட வேலை. என் உரையைத் தயாரிக்க எடுத்த நேரத்தில் அதைப் பலமுறை செய்திருக்கலாம்.

மேம்படுத்தலுக்கு உகந்த நேரத்தை இம்முறை கோட்டிலேயே தேடினோம். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை அன்றாடம் ஒரு சிறு மேடு தெரிந்தது. அது என்னவென்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் தோழி சிரித்தார்.

“அது எங்கட ஆக்கள். கடலுக்குப் போய் வந்து, மீன வித்துட்டு, சாப்பிட்டுப் படுத்தா எங்கட அப்பா நாலு மணிக்கு முதல் எழும்ப மாட்டார். ஃபோன் தலகாணிக்குக் கீழ இருக்கும். அம்மா அத எடுக்கிற விதம் தனிக் கலை.”

பகல் நேரத்தில் கோட்டின் மிகத் தாழ்வான இடம் செவ்வாய்க்கிழமை முற்பகல் பத்து மணியாயிருந்தது. தொலைபேசிகள் அனைத்தும் ஆண்களோடு சந்தையிலும் வயலிலும் இறால் பண்ணையிலும் இருக்கும் வேளை. அலுவலகம் நிரம்பி வழியும் நேரத்திலா சேர்வரை மூடுவது என்று தலைவர் தயங்கினார். அலுவலகத்தில் ஆட்கள் இருப்பார்கள், இணையப் பக்கத்தில் மாணவிகள் இருக்கமாட்டார்கள் என்றேன். ஒரே வாக்கியம்தான் பேசினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போனேன். கைத்தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது மணி ஒன்று இருபது. தோழியின் சோற்றுப் பார்சல் பிரிக்கப்படாமலே இருந்தது. திரையில் மேடு முன்னெப்போதையும்விட உயரமாக நின்றது. பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக முழுமையாக இறங்கிக்கொண்டிருந்தன, எதுவும் அறுபடவில்லை.

“நுரைச்சோலை?”

“வரல்ல.”

ஒன்றரைக்கு மேடு சரியத் தொடங்கியது. ஆண்கள் வீடு திரும்பிவிட்டார்கள். ஒன்று நாற்பதுக்குக் கோடு தரையில் படுத்தது. அந்தத் தொலைபேசிக்கு அழைக்கலாமா என்று கேட்டேன். இப்போது அழைத்தால் கணவர்தான் எடுப்பார், அவருக்கு அழைப்பு வந்தது என்ற சாட்டில் தொலைபேசி அவர் கையிலேயே தங்கிவிடும் என்றார் தோழி. சோற்றைப் பிரித்தார், சாப்பிடவில்லை.

ஒன்று ஐம்பத்தாறுக்கு, எவருமில்லாத தட்டைக் கோட்டில் ஒரே ஒரு முள் எழுந்தது. அதே இலக்கம். பதிவு வந்து சேர்ந்தது; அளவும் முழுமையாக இருந்தது. தொலைபேசி கணவரின் கைக்குப் போயிருக்க வேண்டிய வேளையில் எப்படி வந்தது என்பது எங்களுக்கு விளங்கவில்லை. மதிப்பீட்டாளருக்கு முன் எவரும் பதிவைத் திறக்கக்கூடாது என்பது விதி. ஆகவே விளங்காமலே இருந்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் புதிதாகக் காப்புப் பிரதி எடுத்து, ஒத்திகைக் கணினியில் விரித்துப் பார்த்து, சேர்வரை மூடினோம். இடைப் பதிப்பு, பிறகு புதிய பதிப்பு. ஏதும் பிசகினால் பழையதற்குத் திரும்பும் வழியைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். நாற்பத்தெட்டு நிமிடத்தில் சேர்வர் மீண்டும் எழுந்தது. கடைசிச் சோதனை: மதிப்பிட்டு முடிந்த பதிவு ஒன்றைத் திறந்து இறுதிவரை கேட்க வேண்டும். நுரைச்சோலைப் பதிவுக்கு முதல்நாள்தான் புள்ளி வந்திருந்தது, அவர் தேறியிருந்தார். தோழி அதையே திறந்தார்.

களப்பில் வளை தொலைத்த ஒரு நண்டின் கதை. குரல் நிதானமாக இருந்தது. பிள்ளைகள் இடையிடையே கத்தினார்கள். நடுவில் படலை திறக்கும் ஓசை, “வாப்பா வந்துட்டாரு!” என்று ஒரு பிள்ளை, “இங்க என்ன நடக்குது?” என்று முந்தலில் தேத்தண்ணி குடித்த அதே குரல். “ஷ்ஷ்!” என்று பிள்ளைகள் ஒன்றாக அதட்டினார்கள். ஒரு கதிரை இழுபட்டது. கதை நிற்கவில்லை. நண்டு மூன்று வளைகளின் முன் நின்றபோது அந்தப் பெண் கேட்டார்: “இப்ப அது எந்த வளைக்குள்ள போகும்?”

“நடு வளைக்குள்ள,” என்றார் கணவர்.

“ஏன்?”

பதிவில் கதிரை பிள்ளைகளின் பக்கம் இன்னும் கிட்ட இழுபடும் ஓசை கேட்டது. தோழி, கேட்டுக்கொண்டே, சோதனைத் தாளில் ‘ஒலி முழுமையாக உள்ளது’ என்று எழுதி என் கையெழுத்துக்காக நீட்டினார்.